கொதிக்கும் வினிகரிலும் குழையாத காய்கறி: இத்தாலியின் ஜார்டினியேரா

[திரையில்: அருகருகே இரண்டு பாத்திரங்கள், இரண்டிலும் காரட் துண்டுகள் கொதிக்கின்றன]

வணக்கம். இந்த இரண்டு பாத்திரங்களிலும் இருப்பது ஒரே காரட்தான், எரிவதும் ஒரே அளவு தீதான். ஆயினும் வெறும் தண்ணீரில் வெந்த துண்டு கரண்டி பட்டவுடன் மசிகிறது. வினிகர் கலந்த நீரில் வெந்த துண்டோ பல்லில் நறுக்கென்று கடிபடுகிறது. இந்த வேறுபாட்டை நம்பியே வட இத்தாலியர்கள் ஜார்டினியேரா என்னும் காய்கறி ஊறுகாயைப் போடுகிறார்கள்.

பின்னணி எளியது: கோடையில் தோட்டத்தில் மிஞ்சும் காலிஃபிளவர், காரட், செலரித் தண்டு, குடைமிளகாய், பீன்ஸ், சிறு வெங்காயம் ஆகியவற்றைக் குளிர்காலத்துக்காகப் புட்டிகளில் அடைத்து வைக்கும் வழக்கம் இது.

இனி காரட்டுக்கு வருவோம். காய்கறியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவதில் பெக்டின் என்னும் பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. சாதாரண நீரில் கொதிக்கும்போது பெக்டினின் நீண்ட சங்கிலிகள் துண்டாகிக் கரைவதால் காய் குழைகிறது. நீரில் அமிலம் சேர்ந்தால் அந்தச் சிதைவு வெகுவாக மந்தமாகிறது. சாம்பாரில் காய் வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதற்கும் இதுவே காரணம். நாம் காய் வேகவேண்டும் என்பதற்காகப் புளியைத் தள்ளிப்போடுகிறோம்; இத்தாலியர்கள் காய் குழையக் கூடாது என்பதற்காக வினிகரை முதலிலேயே ஊற்றுகிறார்கள். ஒரே வேதியியலை இரண்டு சமையல்கள் இப்படி எதிரெதிர்த் திசையில் கையாள்வது எனக்குப் பெருவியப்பைத் தருகிறது. உங்கள் வீட்டில் புளியை எப்போது ஊற்றுகிறார்கள் என்பதைக் கருத்துப் பகுதியில் அவசியம் எழுதுங்கள்.

[திரையில்: கொதிக்கும் கலவையில் காய்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன]

செய்முறையில் வரிசைதான் முக்கியம். ஒயின் வினிகர், தண்ணீர், உப்பு, சிறிது சர்க்கரை சேர்ந்த கலவை கொதித்ததும் கடினமான காரட் முதலில், காலிஃபிளவர் அடுத்து, குடைமிளகாய் கடைசியில் என்று இட்டு, சில நிமிடங்களில் இறக்கிவிடுவார்கள்.

இதை எதனுடன் உண்பது? கொழுப்பு எங்கே மிகுந்திருக்கிறதோ அங்கே என்பதே என் பதில். வட இத்தாலியப் பகுதிகளான பீட்மான்டிலும் எமிலியாவிலும் மாட்டிறைச்சி, நாக்கு, கோழி ஆகியவற்றை நீரில் வேகவைத்துப் பரிமாறும் பொல்லீட்டோ மிஸ்டோவுக்குப் பக்கத்தில் இது அடிக்கடி இடம்பெறும், உப்பிட்டு உலர்த்திய இறைச்சியான சலாமியுடனும் அப்படியே. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 1906-இல் சிசிலியரான சால்வதோரே லூப்போ தொடங்கிய சென்ட்ரல் குரோசரி கடையால் புகழ்பெற்ற முஃபுலேட்டா சாண்ட்விச்சில், இவ்வகைக் காய்களை ஆலிவுடன் நறுக்கிக் கலந்து பரப்புகிறார்கள். சிகாகோவில் குடியேறிய இத்தாலியர்களிடம் இது வேறொரு பொருளாகவே மாறியது: காய்களை உப்புநீரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பச்சை மிளகாய் சேர்த்து, எண்ணெயில் இடுகிறார்கள். மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சியை அதன் சாற்றோடு ரொட்டியில் வைத்து, மேலே இந்தக் காரக் கலவையை அள்ளிப் போடுவதே அந்நகரின் பெயர்பெற்ற இத்தாலியன் பீஃப். வினிகரில் இட்டது கொழுப்பின் திகட்டலைப் போக்குகிறது; எண்ணெயில் இட்டதோ காரத்தை ரொட்டி முழுதும் பரப்புகிறது. எனக்கு முதலாவதே பிடிக்கும்.

வீட்டில் செய்பவர்கள் அதைப் பொடியாக நறுக்கி அவித்த முட்டையுடனோ உருளைக்கிழங்கு சாலட்டுடனோ கலக்கலாம். புட்டியில் எஞ்சும் வினிகரையும் கொட்டிவிடாமல் ஆலிவ் எண்ணெயுடன் அடித்துச் சாலட்டில் ஊற்றுங்கள்.

எண்ணெய் வகையைச் செய்ய விரும்பினால் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். காற்றுப் புகாத எண்ணெய்க்குள், அமிலம் போதாத பூண்டும் காயும் கிடந்தால், உயிருக்கே ஆபத்தான நஞ்சைச் சுரக்கும் போட்டுலினம் பாக்டீரியா அங்கே வளரக்கூடும். அமிலநிலையைக் காட்டும் பி.எச். அளவு (எண் கூடக்கூட அமிலம் குறைவு) 4.6-க்கு மேல் இருந்தால் அந்த அபாயம் உண்டு. ஆகவே காய்களை முதலில் வினிகரில் நன்றாக ஊறவைத்த பிறகே எண்ணெயில் இடுங்கள். புட்டியை எப்போதும் குளிர்சாதனப் பெட்டியிலேயே வையுங்கள்.