ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை எதற்கு?

அனைவருக்கும் வணக்கம். ஓஆர்எஸ், அதாவது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல், அதைக் குடிக்காதவர்கள் இந்த அரங்கில் குறைவாகத்தான் இருப்பீர்கள். வயிற்றுப்போக்கில் நாம் இழப்பது தண்ணீரும் உப்பும். சரி, அப்போது உப்புத்தண்ணீர் போதுமே, சர்க்கரை எதற்கு? தெம்புக்கு என்பார்கள் பலர். உண்மைக் காரணம் குடல் செல்லின் சவ்வில் இருக்கிறது.

அந்தச் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. நீரோடு சேரும் தலைகள் இருபுறமும் வெளியே பார்க்கும். சேராத வால்கள் நடுவில் மறைந்திருக்கும். ஆக, நடுவே மிக மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம். ஆக்சிஜன் அதில் எளிதாகக் கரைந்து கடந்துவிடும். உப்பில் இருக்கும் சோடியம் அயனிக்கோ மின்னேற்றம் உண்டு, தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இழுத்து வைத்திருக்கும். அவற்றை உதறிவிட்டு எண்ணெய்க்குள் இறங்காது. குளுக்கோஸும் நீரோடு ஒட்டும் ஜாதிதான். இரண்டுக்கும் ஒரு புரதம் வழிவிட வேண்டும்.

எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் இருக்கிறதே, அது பிடிவாதக்காரக் கதவு. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் வடிவம் மாறி உட்பக்கம் திறக்கும். செல்லின் மறுபக்கத்தில் ஒரு பம்பு ஆற்றலைச் செலவழித்துச் சோடியத்தை ஓயாமல் வெளியேற்றுகிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. அந்தச் சரிவில்தான் குளுக்கோஸும் கூடவே உள்ளே வருகிறது. இவை போகும் பக்கம் தண்ணீரும் போகும். இந்த ஜோடிப் பயணத்தை 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் முன்வைத்தவர் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன்.

காலராவின் நச்சு குளோரைடு வழிகளைத் திறந்துவிட்டு நீரைக் கொட்டவைக்கிறது. ஆனால் எஸ்ஜிஎல்டி1ஐ அது கெடுப்பதில்லை. 1971இல், வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் ஊரில், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் நம்பியது இந்தக் கதவைத்தான். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. ஆப்பத்துக்குப் போடுகிறோமே, அதே சோடாதான்! சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அப்புறம், கூல்டிரிங்க்ஸிலும் சர்க்கரை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதில் சர்க்கரை அதிகம், சோடியம் மிகக் குறைவு. உள்ளே போக முடியாமல் குடலில் தங்கும் சர்க்கரை, செல்களிலிருந்து தண்ணீரைக் குடலுக்கே இழுக்கும், பேதி கூடும். உலக சுகாதார நிறுவனம்கூட 2002இல் தன் கரைசலை நீர்த்ததாக்கி, லிட்டருக்கு குளுக்கோஸ் 75, சோடியம் 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) என்று சமமாக வைத்துவிட்டது.