பழைய முகத்தையே காட்டும் தம்ப்நெயில்: கேஷுக்குள் என்ன நடக்கிறது?

(திரையில்: ஆயிரம் படங்கள் உள்ள ஒரு ஃபோல்டர் திறக்கிறது. சாம்பல் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன.)

தம்ப்நெயில் எனும் சிறுபடங்கள் வந்து நிரம்பும் இந்தச் சாம்பல் கட்டங்களோடு எல்லோருக்கும் பழக்கம் உண்டு. முதல் தடவை ஃபோல்டரைத் திறந்தால் ஆடி அசைந்து நிரம்பும். மறுநாள் அதே ஃபோல்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும். ஒரே ராத்திரியில் கம்ப்யூட்டர் வேகமாகிவிடவில்லை. நேற்றுச் செய்த வேலையை எங்கோ எடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த எங்கோதான் கேஷ்.

ஏன் எடுத்து வைக்க வேண்டும்? சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000க்கு 4000 பிக்சல். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். டிஸ்கில் அது சின்ன ஜேபெக்காக அடங்கி ஒடுங்கி இருக்கும். திறந்ததும் மூட்டை பிரிந்த பஞ்சு மாதிரி மெமரியில் 72 எம்பி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆயிரம் படத்துக்கு 72 ஜிபி. அதே படத்தை 256 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் சுமார் 130 கேபிதான். அப்படி ஆயிரம் சிறுபடங்கள் சேர்ந்தாலும் இரண்டு முழுப் படங்களின் இடத்தைத் தாண்டாது.

(திரையில்: ஒரே படம் பல அளவுகளில், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கப்படுகிறது.)

ஆனால் ஒரே ஒரு அளவு போதாது. கட்டத்தைப் பெரிதாக்கினால் படம் கலங்கும். அதனால் டார்க்டேபிள் போன்ற படத்திருத்த மென்பொருள்கள் ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்துக்கொள்கின்றன. இதற்கு அங்கே மிப்மேப் என்று பெயர். 1983இல் லான்ஸ் வில்லியம்ஸ் கணினி வரைகலைக்காகக் கொண்டுவந்த யோசனை இது. ஒவ்வொரு படியிலும் அகலமும் உயரமும் பாதியானால் பிக்சல்கள் கால்வாசியாகும். எத்தனை படி இறங்கினாலும் எல்லாம் சேர்ந்து மூலப் படத்தில் மூன்றில் ஒரு பங்கை மிஞ்சாது. கொடுக்கும் இடத்துக்கு நல்ல பலன்.

சரி, ரா கோப்புகளை, அதாவது கேமரா சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்புகளைத் திறக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். படம் முதலில் பளிச்சென்று வரும். இரண்டு நொடி கழித்துச் சோர்ந்து போன மாதிரி நிறம் மாறும். பலரும் மென்பொருள் படத்தைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரா கோப்புக்குள்ளேயே கேமரா தன் கைவண்ணத்தில் ஒரு ஜேபெக்கை வைத்து அனுப்புகிறது. மென்பொருள் அவசரத்துக்கு முதலில் அதைக் காட்டும். அப்புறம் ரா தகவலிலிருந்து தானே ஒரு படத்தைச் செய்து அந்த இடத்தில் வைக்கும். நீங்கள் பார்த்தது இரண்டு வேறு சமையல்காரர்களின் கைப்பக்குவம்.

இப்போது நிஜமான தலைவலிக்கு வருவோம். எடுத்து வைத்த பிரதி பழசாகிவிட்டது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

(திரையில்: ஒரு கோப்பின் பாதை, பக்கத்தில் எண்ணும் எழுத்துமான ஒரு நீளப் பெயர்.)

லினக்ஸ் டெஸ்க்டாப்களில் இதற்கு ஒரு பொது ஏற்பாடு உண்டு. கோப்பு இருக்கும் முகவரியை எம்டி5 கணக்கில் (எந்த எழுத்துத் தொடரையும் ஒரே நீளமுள்ள குறியீடாக மாற்றும் முறை) போட்டு, வருவதையே சிறுபடத்துக்குப் பெயராக வைப்பார்கள். கோப்பு கடைசியாக மாறிய நேரத்தையும் அந்தச் சிறுபடத்துக்குள் குறித்து வைப்பார்கள். நேரம் ஒத்துப்போனால் பழையதே போதும். இல்லையென்றால் புதிதாகச் செய்ய வேண்டும். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பாருங்கள். முகவரி மாறியதும் எல்லாச் சிறுபடங்களையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். பழையவை கேட்பாரற்றுக் கிடக்கும். கேஷ் வீங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எடிட்டிங் மென்பொருளில் சிக்கல் இன்னும் கூடுதல். நீங்கள் வெளிச்சத்தைக் கூட்டினால் மூலக் கோப்பு மாறுவதில்லை, அதன் நேரமும் மாறுவதில்லை. திருத்தம் வேறொரு இடத்தில் குறிப்பாகத்தான் எழுதப்படுகிறது. ஆகவே மென்பொருள் அந்தக் குறிப்பையும் சேர்த்துக் கவனித்தாக வேண்டும். அந்தக் குறிப்பை வெளியிலிருந்து வேறொரு மென்பொருள் மாற்றிவிட்டால், கட்டத்தில் பழைய முகமே சிரித்துக்கொண்டிருக்கும். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு படத்தின் தம்ப்நெயிலை மட்டும் புதுப்பிக்கச் சொன்னால் போதும். மொத்தக் கேஷையும் துடைப்பது கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

இடம் போதவில்லை என்று அழிக்க நேர்ந்தால், எதை அழிக்கலாம்? தம்ப்நெயில், ப்ரிவ்யூ, கேமரா ரா கேஷ், இவை எல்லாம் மறுபடி செய்யக்கூடியவை. எக்ஸ்எம்பி என்று முடியும் சின்னக் கோப்புகளும் கேட்டலாக் கோப்பும் அப்படி அல்ல. உங்கள் திருத்தங்களே அவற்றில்தான் இருக்கின்றன. இதை நான் பட்டுத்தான் கற்றேன். 'இத்தனை குட்டிக் கோப்புகள் எதற்கு' என்று ஒருநாள் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். போனது கேஷ் இல்லை, மூன்று நாள் உழைப்பு.

லைட்ரூம் கிளாசிக் என்ற படத்திருத்த மென்பொருளில் முழு அளவு ப்ரிவ்யூக்களை 30 நாளில் தானே நீக்கும்படி வைக்கலாம், அதை ஒரு வாரமாகக் குறைத்தால் நிறைய இடம் மிச்சமாகும். ஆனால் மூலப் படங்கள் உள்ள டிரைவ் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரைவ் கெட்டுப்போயிருந்தால், படம் என்று மிஞ்சியிருப்பது அந்த ப்ரிவ்யூதான்.

கேஷை எஸ்எஸ்டியில் வையுங்கள். குட்டிக் கோப்புகளைத் தேடித் தேடி எடுப்பதில் சுழலும் டிஸ்க் தடுமாறும். பேக்கப்பில் அதைச் சேர்க்க வேண்டாம். டார்க்டேபிளில் தம்ப்நெயில்களை முன்கூட்டியே செய்ய ஒரு தனிக் கட்டளையே இருக்கிறது. இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

(திரையில்: பாதியாக வெட்டப்பட்ட படம். மூலையில் வெட்டப்படாத சிறுபடம்.)

கடைசியாக, பலரும் மறந்துபோகும் ஒரு கேஷ் உண்டு. அது படத்துக்குள்ளேயே இருக்கிறது. கேமராக்கள் ஜேபெக்கின் எக்சிஃப் பகுதியில், அதாவது படம் எடுத்த விவரங்கள் எழுதப்படும் இடத்தில், பெரும்பாலும் 160க்கு 120 பிக்சலில் ஒரு சிறுபடத்தைச் செருகி வைக்கின்றன. நீங்கள் பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டுச் சேமிக்கும்போது, மென்பொருள் அதைப் புதுப்பிக்காமல் விட்டால், வெட்டுப்பட்டவர் அந்தச் சிறுபடத்தில் பத்திரமாக நின்றுகொண்டிருப்பார். படம் போகும் இடமெல்லாம் அவரும் போவார். வெளியே அனுப்பும் முன் எக்சிஃப்டூல் போன்ற கருவியில் திறந்து பாருங்கள். பழைய சிறுபடம் இருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.