அத்தையும் கருந்துளையும்

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசிக் கைதட்டலை எல்லாம் அள்ளிக்கொண்டு போன இரண்டு அணித் தலைவர்களே, சென்னைக் குளிருக்கே மங்கி குல்லா மாட்டிக்கொண்டு மொட்டை மாடி ஏறி வந்திருக்கும் பெரியவர்களே, சுண்டல் எப்போது வரும் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம்.

"வீட்டோடு உட்கார்ந்து பார்க்கச் சிறந்தது நகைச்சுவைப் படமா, குடும்பப் படமா, அறிவியல் படமா?" இதுதான் தலைப்பு. மூன்று அணி வைத்தால் அது பட்டிமன்றமே இல்லை, சுழலும் சொல்லரங்கம் என்று நடுவர் ஐயா ஆரம்பத்திலேயே சொன்னார். லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று நம் குடியிருப்புச் செயலாளர் சொல்லிவிட்டதால் இது பட்டிமன்றம்தான்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு அறிவியல் படம் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எதிரணியில் நாகேஷ் இருக்கிறார், விசு இருக்கிறார். என் பக்கம் ஒரு ரோபோவும் ஒரு பறக்கும் தட்டும். அப்புறம் எங்கள் வீட்டு ஹாலில் என்னதான் நடக்கிறது என்று ஒரு வாரம் கவனித்தேன். கவனித்த பிறகு தைரியம் வந்தது.

நகைச்சுவை அணித் தலைவர் 'காதலிக்க நேரமில்லை'யை எடுத்தார். நாகேஷ் கதை சொல்லச் சொல்லப் பாலையா வெலவெலத்துப் போவாரே, அந்தக் காட்சி. 1964-இல் வந்த படம், 60 வருஷம் தாண்டியும் சிரிப்பு வருகிறது. அதை மறுத்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குக் காபி கிடைக்காது. ஆனால் ஐயா, அந்தப் படத்தை முதலிலிருந்து கடைசிவரை வீட்டோடு உட்கார்ந்து கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எங்கள் வீட்டில் நகைச்சுவை இப்படித்தான் ஓடுகிறது: என் வீட்டுக்காரர் சோபாவில், போனில் மூன்று நிமிடத் துணுக்கு. மகன் கட்டிலில், காதில் ஹெட்போன். சமையலறை வரைக்கும் ஒரு 'ஹக்' சத்தம் மட்டும் வரும். என்னடா என்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா". அதே வடிவேலு, அதே காட்சி, ஆளுக்கொரு அறையில்.

குடும்பப் படம் அணியிலிருந்து 'சம்சாரம் அது மின்சாரம்' வந்தது. 1986-இல் வந்தது, தேசிய விருது வாங்கியது, நல்ல படம். நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்தில் உங்களுக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது எது? வீட்டுக்குக் குறுக்கே கோடு போடுவதுதானே! சேர்ந்து பார்க்க வேண்டிய படத்தில் நம் மனதில் தங்கியது பாகப்பிரிவினை.

மாமியாரும் மருமகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து குடும்பப் படம் பார்க்கும் கஷ்டம் ஆண்களுக்குத் தெரியாது. திரையில் மருமகள் எதிர்த்துப் பேசுவாள். நான் டிவியைத் தவிர வேறு பக்கம் பார்க்க மாட்டேன். அடுத்த காட்சியில் மாமியார் சாப்பாட்டில் குறை சொல்வார். என் அத்தை கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் இவர் ரிமோட்டைத் தேடுவார். விளம்பர இடைவேளை வந்தால்தான் மூன்று பேருக்கும் மூச்சு வரும்.

இதுவே விண்கலம், வேற்றுக்கிரகவாசி என்றால் அந்தச் சங்கடம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் யாரும் ரோபோ இல்லை, அதனால் யாருக்கும் சுருக்கென்று குத்தாது. அதோடு, எல்லோருக்கும் சமமாகப் புரியாது! அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இவருக்குத் தெரியாதது பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். ஒன்பதாவது படிக்கிற மகள்தான் அன்றைக்கு வாத்தியார். கேள்வி கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்டால் பேச்சு வந்துவிடும்.

அத்தை கேட்ட கேள்விகளைத் தனிப் புத்தகமே போடலாம். 'இன்று நேற்று நாளை' பார்த்தோம், 2015-இல் வந்தது. எதிர்காலத்திலிருந்து ஒரு கால இயந்திரம் கையில் கிடைக்கிறது. நம்மூர்ப் பையன்கள் என்ன செய்வார்கள்? ஜோசியம் வைத்து, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். இதில் சிரிப்பு இல்லை என்று நகைச்சுவை அணி சொல்லட்டும் பார்ப்போம். அத்தை கேட்டார்: "நேத்திக்குத் திரும்பப் போனா, நேத்து நான் சாப்பிட்ட இட்லி மறுபடி தட்டுல இருக்குமா?" இருக்கும் என்றாள் மகள். "அப்ப அதை நான் சாப்பிடலைன்னா, இன்னிக்கு என் வயித்துல இருக்கிறது என்ன?" காலப் பயணத்தில் பெரிய பெரிய ஆட்கள் முட்டிக்கொண்ட இடம் இதுதான். அத்தை ஒரு இட்லியை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றார்.

'மாநாடு' பார்த்தபோது கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது என்று மகள் கைகால் ஆட்டி விளக்கினாள். "இதுல என்னடி அதிசயம்? அடுப்படியில நிக்கிறவளுக்கு ஐம்பது வருஷமா அதுதான்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாது என்றும் ஒருவர் சொன்னார். 1963-இலேயே எம்.ஜி.ஆர். நடித்த 'கலையரசி' வந்துவிட்டது ஐயா. வேற்றுக்கிரகத்தில் அறிவியல் எல்லாம் வளர்ந்திருக்கிறது, ஆனால் கலை இல்லை. அதற்காகப் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பாட்டுக் கற்றுக்கொள்ள! மார்கழியில் வந்து இறங்கியிருந்தால் ஆளைத் தூக்கியிருக்கவே வேண்டாம். மயிலாப்பூர் சபாவில் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்திருப்பார்கள், கேன்டீனில் ஒரு அடையும் சாப்பிட்டிருப்பார்கள்.

எல்லா அறிவியல் படமும் நன்றாக இருக்கிறது என்று நான் சாதிக்க வரவில்லை. தெர்மாகோலில் செய்த விண்கலம் உண்டு. நானே பாதியில் தூங்கி, சண்டைச் சத்தத்தில் எழுந்திருக்கிறேன்.

குடும்பப் படம் அணியினர் கடைசியாக ஒன்று சொன்னார்கள்: அறிவியல் படத்தில் மூளை இருக்கும், கண்ணீர் இருக்காது. இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடுங்கள் ஐயா.

போன தீபாவளி விடுமுறையில் மகள் 'இன்டர்ஸ்டெல்லர்' போட்டாள். 2014-இல் வந்த ஆங்கிலப் படம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒளியைக்கூட வெளியே விடாத அளவுக்கு ஈர்ப்பு உள்ள ஒரு கருந்துளைக்குப் பக்கத்தில் ஒரு கிரகம். அங்கே ஒரு மணி நேரம் இருந்தால் பூமியில் ஏழு வருஷம் ஓடிவிடும். அத்தை உடனே, "சும்மா கப்சா விடாதே" என்றார்.

கப்சா இல்லை. அளவுதான் சினிமா அளவு, சங்கதி நிஜம். ஈர்ப்பு எங்கே அதிகமோ அங்கே கடிகாரம் மெதுவாக ஓடும். நம் போனுக்கு வழி காட்டுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் மேலே, ஈர்ப்பு குறைந்த இடத்தில் இருப்பதால் அவற்றின் கடிகாரம் நம்முடையதைவிட நாளுக்கு 45 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். அவை வேகமாகச் சுற்றுவதால் அதில் 7 குறையும். மிச்சம் 38. ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் 38 துண்டு. இதைச் சரி செய்யாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் வரை தப்பிவிடும். மயிலாப்பூரில் நிற்கிற உங்களைத் தேடி ஆட்டோ கிண்டி தாண்டிப் போய் நிற்கும். மகள் இதை ஆட்டோவை வைத்துச் சொன்னதும் அத்தை ஒப்புக்கொண்டார். ஆட்டோ தப்பான தெருவில் நின்ற அனுபவம் அவருக்கு நிறைய.

படத்தில் அந்தக் கிரகத்துக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் 23 வருஷம் போய்விடுகிறது. பிள்ளைகள் அத்தனை வருஷமாக அனுப்பிய வீடியோக்களை அப்பா ஒரே இருப்பாக உட்கார்ந்து பார்க்கிறார். நான் அழுதேன், இவர் கண்ணாடியைத் துடைத்தார். அத்தை மட்டும், "அந்த இன்னொருத்தன்தான் பாவம்" என்றார்.

யார் என்று கேட்டோம். கீழே இறங்காமல், கப்பலிலேயே அவர்களுக்காகக் காத்திருந்தவன். இவர்கள் வரும்போது அவன் தாடி நரைத்திருக்கும்.

என் மாமனார் 1983-இல் குவைத் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. நடுவில் கடிதம், அப்புறம் ஊருக்கு வருகிறவர்கள் கையில் கேசட். டேப் ரெக்கார்டரில் அவர் குரலைப் போட்டுக் கேட்டு, மறுபக்கத்தில் இவர்கள் பேசிப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். முதல் லீவில் அவர் வாசலில் வந்து நின்றபோது, என் வீட்டுக்காரர் நான்கு வயதுப் பிள்ளை, அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "யாரும்மா இந்த மாமா?" என்று கேட்டாராம். இது எனக்குக் கல்யாணம் ஆகி 17 வருஷம் கழித்து, அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தெரியும். அதற்குமுன் எத்தனை குடும்பப் படம் பார்த்திருப்போம்! ஒன்றிலும் அத்தை வாய் திறக்கவில்லை.

படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டோம். இவர் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினார். பிஸ்கட் டின்னில் பதினோரு கேசட். ஓட்டிப் பார்க்க எங்களிடம் டேப் ரெக்கார்டர் இல்லை. கீழ்த்தளத்துப் பெரியவர் வீட்டில் ஒன்று இருந்தது. இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார், அவருக்கு என் நன்றி. நாடா இரண்டு இடத்தில் சிக்கியது, மகன் பென்சிலை விட்டுச் சுற்றினான்.

நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார். கேசட்டில் மாமா என்ன சொன்னார் என்பதை நான் சொல்ல மாட்டேன். அத்தை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், சாம்பல் நிறச் சால்வை. தீர்ப்பு சொல்லும்முன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.