பார்க்க ஒன்றுமில்லாத கோயில்கள்

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், "பார்க்க ஒன்றுமில்லை என்றால் அவ்வளவு தூரம் எதற்குப் போனீர்கள்?" என்று வாசலிலேயே மடக்கிவிட்டார். நியாயமான கேள்விதான். ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

ஜப்பானியரின் பழைய மதமான ஷிண்டோவின் கோயிலுக்குப் போகிறவர் தோரி என்கிற வாயிலைத் தாண்டி, கை கழுவி, வாய் கொப்பளித்து, மண்டபத்தின் முன்னால் நின்று கைதட்டிக் கும்பிடுகிறார். உள்ளே தெய்வத்தின் அடையாளமாக முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கலாம், வாள் இருக்கலாம். திரை விலக்கித் தீபாராதனை காட்டுகிற வழக்கம் அங்கே இல்லை. பழைய கோயில்கள் சிலவற்றில் கருவறையே கிடையாது. உலகம் பிறந்த கதையோடு சேர்ந்த கோயில்களைத் தேடிப் போனால் இந்த வகைதான் அடிக்கடி எதிர்ப்படுகிறது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். 712-இல் எழுதி முடிக்கப்பட்ட கொஜிகி, 720-இல் வந்த நிஹோன் ஷோகி, ஜப்பானின் இந்தப் பழைய நூல்கள் இரண்டிலும் இது இருக்கிறது. இசனாகி என்ற ஆண் தெய்வமும் இசனாமி என்ற பெண் தெய்வமும் வானத்து மிதக்கும் பாலத்தில் நின்று, மணி பதித்த ஈட்டியால் கீழே இருந்த உப்புநீரைக் கலக்கினார்கள். ஈட்டி முனையிலிருந்து சொட்டிய துளிகள் உறைந்து ஒரு தீவு ஆனது. அங்கே இறங்கித் தூணைச் சுற்றி வந்து மணம் செய்துகொண்டார்கள். முதல் குழந்தை எலும்பில்லாமல் அட்டை போலப் பிறந்தது. காரணம், பெண் முதலில் வாய் திறந்துவிட்டாளாம். (இந்த இடத்தில் முன்வரிசைப் பெண்களின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.) மறுபடி சுற்றி வந்து, ஆண் முதலில் பேசினான். அப்புறம் ஒவ்வொரு தீவாகப் பிறந்தது. முதலில் பிறந்தது அவாஜி. இன்று கோபே நகரத்திலிருந்து பாலம் ஏறினால் பேருந்திலேயே போய்விடலாம். அங்கே இசனாகிக்கு ஒரு பெரிய கோயில் உண்டு. வளாகத்தில் இரண்டு கற்பூர மரங்கள் ஒட்டி ஒன்றாகி நிற்கின்றன. தம்பதி மரம் என்கிறார்கள். வயது சுமார் 900.

என் மனம் நின்றுபோனது குமானோ என்கிற கடலோர ஊரில். தீக்கடவுளைப் பெற்றபோது உடல் வெந்து இசனாமி இறந்துபோகிறாள். அவளைக் குமானோவில் அடக்கம் செய்தார்கள், ஊர்மக்கள் பூவாலும் குழலாலும் முரசாலும் வழிபடுகிறார்கள் என்று நிஹோன் ஷோகி சொல்கிறது. கொஜிகியோ அவளை வேறொரு மலையில் புதைத்ததாகச் சொல்லும். நாம் அந்த வழக்குக்குள் போக வேண்டாம். குமானோவில் இருக்கும் கோயிலின் பெயர் ஹனா நோ இவாயா, பூக்குகை என்று சொல்லலாம். கூழாங்கல் கடற்கரை, ஒரு சாலை, கொஞ்சம் மரங்கள், அதைத் தாண்டினால் சுமார் 45 மீட்டர் உயரப் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அந்தப் பாறைதான் கோயில். கூரை இல்லை, கருவறை இல்லை. அடிவாரத்தில் வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பி வேலி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். திரும்பினால் எதிரே இன்னொரு சின்னப் பாறை. அது யாருக்கு? அந்தத் தீக்குழந்தைக்கு. தாயின் சாவுக்குக் காரணமான பிள்ளையைத் தாயின் கண் முன்னாலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி 2 மற்றும் அக்டோபர் 2, பாறை உச்சியிலிருந்து புதுக் கயிறு கட்டுகிறார்கள். வைக்கோல் புரிதான், நீளம் மட்டும் ஏறக்குறைய 170 மீட்டர். பூவும் விசிறியும் தொங்கும் அந்தக் கயிற்றின் மறுமுனையைச் சாலை தாண்டிக் கடற்கரை வரை இழுத்துக்கொண்டு போய், அப்புறம் கோயிலுக்குள் கட்டுகிறார்கள். 720-இல் எழுதப்பட்ட பூ இன்னும் தொங்குகிறது.

மனைவியைத் தேடி இசனாகி யோமி என்கிற இறந்தோர் உலகுக்குப் போகிறான். பார்க்காதே என்று அவள் சொல்லியும் விளக்கேற்றிப் பார்க்கிறான். புழு நெளியும் உடல். ஓட்டம் பிடிக்கிறான். துரத்தி வந்தவர்கள் மேல் மூன்று பீச் பழங்களை எறிந்து தப்பி, எல்லையில் பெரும் பாறையை வைத்து அடைக்கிறான். பாறையின் அந்தப் பக்கமிருந்து அவள், உன் நாட்டில் நாளுக்கு 1,000 பேரைக் கொல்வேன் என்கிறாள். இந்தப் பக்கமிருந்து அவன், நாளுக்கு 1,500 பிரசவக் குடில் கட்டுவேன் என்கிறான். உலகின் முதல் விவாகரத்து இதுதானோ என்னவோ! அந்த எல்லை இதுதான் என்று ஷிமானே மாவட்டத்தில் ஓரிடத்தைக் காட்டுகிறார்கள். இரண்டு கல்தூண், குறுக்கே ஒரு புரி, பின்னால் சில பாறைகள், பக்கத்தில் ஒரு குளம். இறந்தவர்களுக்குக் கடிதம் போட ஒரு தபால் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். நான் போட்டேனா என்று கேட்காதீர்கள்.

பக்கத்து இசுமோ பெருங்கோயிலைப் பற்றி ஒன்றே ஒன்று. இன்றைய கருவறை 1744-இல் கட்டியது, உயரம் 24 மீட்டர். பழங்காலத்தில் 48 மீட்டர் இருந்தது என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. 2000-இல் தோண்டியபோது, மூன்று தேவதாரு மரங்களைச் சேர்த்துக் கட்டிய, சுமார் மூன்று மீட்டர் குறுக்களவுள்ள தூண் கிடைத்தது. கேலி அதற்கப்புறம் குறைந்தது. இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கோயில் தெற்கு பார்த்தது, உள்ளே தெய்வமோ மேற்கு பார்த்து அமர்ந்திருக்கிறது. முன்னால் நின்று கும்பிடுகிற நாம் எல்லாரும் அவருடைய விலாவைத்தான் கும்பிடுகிறோம்.

கடைசியாகத் தகாச்சிஹோ, தெற்கே கியூஷு தீவில் உள்ள மலையூர். இசனாகி ஆற்றில் முங்கித் தீட்டைக் கழுவியபோது இடக்கண்ணில் பிறந்தவள் சூரியதேவி அமதெராசு. மூக்கில் பிறந்த தம்பி சுசானோ செய்த அட்டகாசம் பொறுக்காமல் அவள் குகைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ள, உலகம் இருண்டது. அந்தக் குகைதான் இங்கே ஆமா நோ இவாதோ கோயிலின் தெய்வம். மண்டபத்துக்குப் பின்னால் அழைத்துப் போய், ஆற்றுக்கு அக்கரையில் பூசாரி கை காட்டுகிறார். எனக்குத் தெரிந்தது இலை, இலை, இன்னும் இலை. அருகே போக யாருக்கும் அனுமதி இல்லை. படம் எடுக்கவும் கூடாது. என் பக்கத்தில் நின்ற பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார். கண்ணைத் திறந்து வைத்திருந்த எனக்குக் கிடைத்ததும் அதே அளவுதான்.

தேவர்கள் கூடி யோசித்து, உசுமே என்ற பெண் தெய்வம் கவிழ்த்த தொட்டி மேல் ஆட, எல்லாரும் சிரிக்க, என்ன சத்தம் என்று அமதெராசு கதவைக் கொஞ்சம் திறந்தாள். அங்குள்ள கிராமங்களில் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை இதை இரவு முழுவதும் 33 ஆட்டங்களாக ஆடுகிறார்கள். காகுரா என்று பெயர். பயணிகளுக்காகத் தகாச்சிஹோ கோயிலில் தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் நான்கு ஆட்டம் காட்டுகிறார்கள், அது போதாது. முழு இரவும் உட்காருங்கள். குளிர் எலும்பில் ஏறும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். குகைக் கதவை எடுத்தெறியும் ஆட்டம் விடியும் நேரத்தில்தான் வரும். முகமூடிக்காரர் கதவைத் தூக்கும்போது, மடியில் தூங்கிய குழந்தைகளைத் தட்டி எழுப்புகிறார்கள். வெளியே வெளுத்திருக்கிறது.