மேடா, பள்ளமா? பிரேம் போட்ட குண்டுவீச்சுப் படம் பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம். இன்னைக்கு முதல் சந்தேகம் காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்ல அனுப்பினது. படிச்சிடறேன்.

"ஐயா, எங்க தாத்தா ரெண்டாம் உலகப் போர் சமயத்துல வங்காளத்துல ஒரு விமானப்படை முகாம்ல சமையல் வேலை பார்த்தவர். வானத்துல இருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒண்ணு, பிரேம் போட்டு வீட்டுல மாட்டியிருக்கு. நிலம் பூரா எறும்புப் புத்து மாதிரி மேடு மேடா தெரியுது. ஓரத்துல வெள்ளை எழுத்துல ஏதோ நம்பர். இது அசலா? பெங்களூர்ல ஒருத்தர் விலைக்குக் கேக்கறாரு, குடுத்துடலாமா?"

தம்பி, அது புத்து இல்ல. குழி. குண்டு விழுந்த குழி. படத்தைத் தலைகீழாப் பாருங்க, அத்தனை புத்தும் பள்ளமாயிடும். (கையிலிருக்கும் படத்தைத் திருப்பிக் காட்டுகிறார்.) வெளிச்சம் மேல இருந்துதான் வரும்னு நம்ம கண்ணுக்கு ஒரு பழக்கம். நிழல் மேல் பக்கமா விழுந்த படத்தைப் பார்த்தா குழியை மேடுன்னு எடுத்துக்கும். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியைச் செல்போன்ல சாட்டிலைட் மேப்ல பாருங்க, சில நேரம் குன்று மாதிரி தெரியும். போனைத் திருப்பினா குவாரி. அந்தக் காலத்துல இந்தப் படங்களைப் படிக்கறதுக்குன்னே உக்காந்திருந்தவங்க, நிழல் தன் பக்கம் விழற மாதிரி வெச்சுத்தான் பார்ப்பாங்க. உங்க தாத்தா எழுத்து நேரா இருக்கணும்னு மாட்டியிருப்பாரு, அவர் மேல தப்பில்ல.

இன்னொண்ணு. இது அழகுக்கு எடுத்த படம் இல்லீங்க. குண்டு போட்டுட்டு வந்தவன் சொல்றது நெசமான்னு பார்க்க எடுத்தது. 1941-ல இங்கிலாந்துல இப்படி அறுநூத்துக்கும் மேல படங்களை எடுத்து வெச்சு ஒத்துப் பார்த்தாங்க. இலக்கை அடிச்சிட்டோம்னு சொன்ன விமானங்கள்ல மூணுல ஒண்ணுதான் இலக்குக்கு அஞ்சு மைலுக்குள்ளயே போயிருக்கு. அஞ்சு மைல்னா எட்டு கிலோமீட்டர். அதாவது தருமபுரியை அடிச்சிட்டேன்னு வந்து சொல்றவன் அதியமான்கோட்டையில போட்டிருந்தாக்கூட அவன் கெட்டிக்காரன் கணக்குல சேர்த்தி!

ராத்திரி எடுத்த படம்னா வேற மாதிரி இருக்கும். குண்டோட சேர்த்து ஒரு வெளிச்சக் குண்டும் போடுவாங்க, நம்ம பிளாஷ் மாதிரி, ஆனா ராட்சச பிளாஷ். அது வெடிக்கற வரைக்கும் விமானம் நெளியாம, வளையாம நேராப் போகணும். கீழ இருந்து சுட்டுக்கிட்டே இருப்பான், இவன் போட்டோவுக்காக நேரா போவணும். ஷட்டர் திறந்தே கிடக்கறதால கீழ எரியற தீயெல்லாம் கோணல் மாணலா வெள்ளைக் கோடா இழுத்திருக்கும். நம்ம ஸ்டுடியோவுல அப்படி ஒரு படம் வந்தா ஆடிடுச்சுன்னு கிழிச்சுப் போட்டிருப்பேன்.

ஓரத்து நம்பருக்கு வர்றேன். அதுல பெரும்பாலும் தேதி, விமானம் பறந்த உயரம், லென்ஸ் எத்தனை அங்குலம், எந்த இடம், இதெல்லாம் இருக்கும். உயரம் 24,000 அடி, லென்ஸ் 12 அங்குலம், அதாவது ஒரு அடின்னு வெச்சுக்கோங்க. நெகட்டிவ் அளவுக்கே போட்ட பிரிண்ட்ல தரை 24,000-ல ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் ரோடு நாலு சென்டிமீட்டர் சொச்சம். பெருசு பண்ணின பிரிண்ட்டுன்னா இந்தக் கணக்கு மாறிடும்.

எந்த ஊரு? எழுத்தைப் பார்க்காம சொல்ல மாட்டேன். வங்காளம்னு சொல்றதால பர்மா, சயாம் பக்கமா இருக்கலாம். கரக்பூரைச் சுத்தியிருந்த தளங்கள்ல இருந்துதான் அமெரிக்காக்காரன் பி-29 விமானத்தை முதன்முதலா சண்டைக்கு அனுப்பினான், 1944 ஜூன் 5, பாங்காக் ரயில்வே பட்டறைக்கு. ரங்கூனா இருந்துட்டா நம்ம ஜனமே அங்க எவ்வளவு பேர் இருந்தாங்க... சரி, அது தனிக் கதை.

அசலான்னு பார்க்க, வாட்ச் ரிப்பேர்காரர் கண்ல மாட்டற லென்ஸ் வாங்கிப் பாருங்க. புள்ளி புள்ளியா இருந்தா அச்சடிச்சது. அடுத்து, கள்ள நோட்டு பார்க்கற ஊதா விளக்கு. சோப்புத்தூள்ல துவைச்ச வெள்ளை வேட்டி அதுல பளீர்னு நீலமா தெரியுமே, அந்த மருந்தை போட்டோ பேப்பர்ல சேர்க்க ஆரம்பிச்சது 1950-கள்லதான். உங்க படம் அப்படிப் பளீர்னா போர்க்காலப் பேப்பர் இல்ல. நீலமா மின்னலேன்னா அசல்னு உறுதி கிடையாது, அசலா இருக்க வழி இருக்கு, அவ்வளவுதான். கறுப்பான இடத்துல ஓரமா வெள்ளிப் பூச்சு மாதிரி மினுங்கினா அது பழைய புரோமைடு பேப்பரோட வயசு. துடைக்காதீங்க.

கண்ணாடியில படம் ஒட்டியிருந்தா பிரேமைப் பிரிக்கவே கூடாது. எனக்கே நடந்திருக்கு. ஒரு அம்மாவோட கல்யாணப் படத்தை அவசரப்பட்டு உரிச்சேன், மாப்பிள்ளை மூஞ்சி கண்ணாடியிலயே தங்கிடுச்சு. அந்தம்மா திட்டலை, அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

விலை விஷயம். ஒரே நெகட்டிவ்ல இருந்து பல காப்பி போட்டிருப்பாங்க. அமெரிக்க அரசாங்க ஆவணக் காப்பகத்துல இந்த மாதிரி படங்க நிறைய இருக்கு, யார் வேணும்னாலும் பிரதி வாங்கலாம். அதனால வெறும் படத்துக்குப் பெரிய காசு எதிர்பார்க்காதீங்க. பின்பக்கம் முத்திரையோ தாத்தா கையெழுத்தோ இருந்தா அது வேற எங்கயும் கிடைக்காது. நானா இருந்தா குடுக்க மாட்டேன். பின்பக்க அட்டையை மட்டும் பக்குவமா எடுக்க முடிஞ்சா எடுத்து, அதையும் ஓரத்து எழுத்தையும் பகல் வெளிச்சத்துல படம் பிடிச்சு அனுப்புங்க, ஊரைக் கண்டுபிடிச்சிடலாம்.

அடுத்தது பாலக்கோட்டுல இருந்து. கலர் ஆல்பம் பூரா செவப்பாயிடுச்சாம்.