எந்தப் பக்கத்தில் நின்றீர்கள்?

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வாசித்த புத்தகங்களைப் பற்றி மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வது குறித்துப் பேச அழைத்திருக்கிறார்கள். பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். இந்த விஷயத்துக்கு ஒரு நாள் முழுக்கத் தந்தாலும் எனக்குப் போதாது. பார்க்கலாம்.

புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதும் திருப்பி வாங்குவதும்தான் என் வேலை. ஆனால் என் மனது எப்போதும் இருந்தது இந்த இரண்டுக்கும் நடுவில். புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு, மேசை ஓரத்தில் ஒருவர் கொஞ்சம் தயங்கி நிற்பார் பாருங்கள், அந்த இடத்தில். ஏதோ சொல்ல நினைப்பார். பின்னால் ஆள் நிற்கும், அல்லது அவருக்குப் பஸ் வந்துவிடும். "நல்லா இருந்து அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருக்குள் என்ன நடந்ததோ, அது அவரோடேயே பஸ் ஏறிப் போய்விடும். எத்தனையோ பேர் அப்படிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏக்கம்தான் இன்று என்னை இந்த மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறது.

இப்போது நாங்கள் கொஞ்சம் பேர் செல்போனில் ஒரு வாட்ஸாப் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். எல்லோரும் புத்தகப் பிரியர்கள். தோவாளைக்காரர் உண்டு, விளவங்கோட்டுக்காரர் உண்டு, குவைத்தில் வேலை பார்க்கிற நம்ம ஊர் நர்ஸ் ஒருத்தி உண்டு. டைப் அடிக்கத் தெரியாதவர்கள் குரலாகவே அனுப்புவார்கள். குழுவில் ஒரே ஒரு ஏற்பாடுதான். கதையைச் சொல்லாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கத்தில் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். இன்று நான் சொல்ல வந்ததும் இதுதான். இதையே இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

மலையோரத்தில் ஒரு நூலகத்தில் நான் இருந்த காலம். ஊர் பெயர் வேண்டாம். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது விதி. சரியான விதி, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் நம் நூலகங்களில் பழைய நாவல் எதையாவது எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பென்சிலில், பேனாவில் யாராவது ஏதாவது எழுதியிருப்பார்கள். "அருமை." "முடிவு பிடிக்கவில்லை." "படிக்க வேண்டிய நூல்." கையெழுத்து இருக்கும், பெயர் இருக்காது. உங்களில் பலரும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த நூலகத்தில் ஒரு நாவல் இருந்தது. அட்டை கிழிந்து, பைண்டிங் செய்து, மறுபடியும் பிரிந்துபோன புத்தகம். தையல் போடுவதற்காக எடுத்து வைத்தபோதுதான் அதன் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். முதலில் பென்சிலில், சாய்ந்த எழுத்தில், "இதைப் படித்து அழுதேன்" என்று இருந்தது. அதன் கீழே நீல மையில் இன்னொருவர்: "அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது?" அதற்கும் கீழே பொடிப்பொடி எழுத்தில் மூன்றாவது ஆள்: "அம்மாவை இழந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்." இவ்வளவும் கூடப் பரவாயில்லை, மனிதர்கள் பேசிக்கொள்வதுதான். நான்காவதாக ஒரு வரி இருந்தது. மறுபடியும் அதே நீல மை, அதே கையெழுத்து. "சரி. திரும்பப் படித்தேன். 112ஆம் பக்கம்."

அவ்வளவுதான். 112ஆம் பக்கம். வேறு ஒரு வார்த்தை இல்லை.

யோசித்துப் பாருங்கள். முகம் தெரியாத ஒருவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக, முகம் தெரியாத இன்னொருவர் அதே புத்தகத்தை மறுபடியும் எடுத்துப் போய் வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு, தன்னை நிறுத்திய இடத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தையல் வேலையை அப்படியே வைத்துவிட்டு நான் 112ஆம் பக்கத்தைப் புரட்டினேன். வேறொன்றும் இல்லை. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற மகன், அடுக்களையில் அம்மா புழங்கிய செம்பு கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கிறான். கதாசிரியர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நானும் அந்த நாவலை முன்பே வாசித்தவள்தான், அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தப் பக்க எண்ணைப் பார்த்த பிறகுதான் அங்கே நின்றேன்.

"அழுதேன்" என்று ஒருவர் சொன்னபோது சண்டை வந்தது. "112ஆம் பக்கம்" என்று சொன்னபோது சண்டை தீர்ந்தது. அழுகை ஒருவருடைய சொந்த விஷயம், அதை இன்னொருவர் சந்தேகிக்கலாம். பக்கம் எல்லோருக்கும் பொது. யாரும் புரட்டிப் பார்க்கலாம். அதனால்தான் சொல்கிறேன், எந்தப் பக்கத்தில் நின்றீர்கள் என்று சொல்லுங்கள்.

பொதுவாக ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? கதைச்சுருக்கம் சொல்கிறோம். பள்ளிக்கூடத்துப் பழக்கம் அது. இன்னார் எழுதியது, இந்த ஊரில் நடக்கிறது, இவன் இவளை விரும்பினான், கடைசியில் இப்படி முடிந்தது. கேட்கிறவர் தலையாட்டுவார், ஆனால் அதில் உங்களைப் பற்றி ஒன்றும் இருக்காது. அடுத்த பழக்கம் மதிப்பெண் போடுவது. ஐந்துக்கு நான்கு. மூன்றாவது, இந்த வருஷம் இத்தனை புத்தகம் முடித்தேன் என்று கணக்குச் சொல்வது. நிறைய வாசிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், நானும் வாசிக்கிறவள்தான். ஆனாலும் ஒருவருடைய எண்ணிக்கை எனக்கு எதையும் தருவதில்லை. அவர் நின்ற ஒரு பக்கம் தருகிறது.

எங்கள் குழுவில் தூத்தூர்ப் பக்கத்து மீனவர் ஒருவர் இருக்கிறார். ஆழ்கடலுக்குப் போகிறவர், போனால் பல நாள் கழித்துத்தான் கரை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் அவர் புத்தகமும் கையுமாக இருப்பார். ஒரு கடற்கரை நாவலைப் பற்றி அவர் அனுப்பிய குரலை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "அக்கா, ஒரு பக்கத்தில நான் நின்னுட்டேன். ஆடி மாசம்னு எழுதியிருக்கு. ஆடியில நமக்குக் கச்சான்லா அடிக்கும்? இவரு வாடைக் காத்துன்னு எழுதியிருக்காரு." மேற்கேயிருந்து வருவது கச்சான், வடக்கேயிருந்து வருவது வாடை. கடல்புறத்தில் பிறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். சரி, குறை சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஆனா அடுத்த பக்கத்தில அந்தப் பொம்பள மடி வரதுக்கு முன்னாடியே கரையில வந்து நிக்கா பாருங்க. அது சரியா இருக்கு. எங்கம்ம அப்படித்தான் நிப்பா." மடி என்றால் மீன் பிடிக்கிற வலை.

இதை எந்த விமர்சகரும் எழுத முடியாது. காற்று தவறு, அந்தத் தாய் சரி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல, கடலுக்குப் போன ஒரு வாசகர் வேண்டும். அதைக் கேட்டு, கடலே பார்க்காத வேலையில் இருக்கிற நாங்கள் அந்தப் பக்கத்துக்குத் திரும்பப் போனோம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிற அண்ணன் ஒருவரும் உண்டு. விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். மரத்தில் கத்தி வைத்த பிறகு சிரட்டையில் பால் சொட்டிச் சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரம் அவருக்கு வாசிப்பு நேரம். ஒரு சிறுகதையில், தகப்பன் வேலைக்குப் போகும்போதும் பிள்ளை தூக்கம், திரும்பி வரும்போதும் தூக்கம் என்று ஒரு வரி வருகிறதாம். "அதுக்குமேல அன்னைக்கு வாசிக்கல" என்று மட்டும் சொன்னார். கதை என்னவென்று எங்களில் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தேடி எடுத்து வாசித்துவிட்டோம்.

இதெல்லாம் செல்போன் வந்த பிறகு முளைத்த புதுப் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் மாவட்டத்தில் அப்படிச் சொல்லவே முடியாது. அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி இருக்கிற சாமித்தோப்பில் கார்த்திகை மாதம் பதினேழு நாள் ஏடு வாசிப்பு நடக்கிறது. 1841ஆம் ஆண்டு ஏட்டில் எழுதப்பட்ட, அய்யாவழி மக்களின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையை ராகத்தோடு வாசிப்பார்கள், வாசித்ததற்கு விளக்கமும் சொல்வார்கள். ஊர்ஊராக இருக்கிற நிழல்தாங்கல்கள் என்கிற சிறு வழிபாட்டிடங்களிலும் வாசிப்பு உண்டு. எழுத்துத் தெரியாதவரும் அங்கே உட்கார்ந்து கேட்பார். நம் ஊரில் புத்தகம் என்பது தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து முடிக்கிற காரியமாக மட்டும் இருந்ததே இல்லை. பலபேர் நடுவில் வைத்து வாசித்த பொருள் அது.

வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் கொடை விழாவில் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாட்டெடுப்பார். பக்கத்தில் ஒருவர் "ஆமா" போடுவார். "ஆமா" இல்லாமல் கதை நகராது. வாசித்ததைச் சொல்கிறவருக்கும் ஒரு "ஆமா" வேண்டும். என்னைக் கேட்டால், சொல்வதைவிடக் கேட்பதுதான் கடினம். எங்கள் குழுவில் ஒரு தடவை நடந்தது இது. ஒரு சகோதரி, கணவனை இழந்த பெண்ணைப் பற்றிய ஒரு கதையில் தான் நின்ற இடத்தைச் சொன்னாள். சொல்லும்போது தன் வாழ்க்கையையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிட்டாள். உடனே நாலைந்து பேர் ஆறுதலும் புத்திமதியும் சொல்ல ஆரம்பித்தார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அவள் அதற்கப்புறம் வெகு காலம் வாயே திறக்கவில்லை. அவள் கேட்டது புத்திமதி இல்லை. அந்தப் பக்கத்தை நாங்களும் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

அதிலிருந்து நாங்கள் ஒன்று பழகினோம். ஒருவர் தன் பக்கத்தைச் சொன்னால், அவருடைய வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. புத்தகத்தைப் பற்றிக் கேட்கிறோம். "அதுக்கு முந்தின பக்கத்துல என்ன வருது?" "அந்த வரியை ஒரு தடவை வாசிச்சுக் காட்டுவீங்களா?" அவ்வளவு போதும். மேற்கொண்டு சொல்ல விருப்பம் இருந்தால் அவரே சொல்வார். இன்னொன்று, "இதைவிட நல்ல புத்தகம் ஒன்று இருக்கிறது" என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். இருக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம்.

பிடிக்காத புத்தகத்தைப் பற்றி என்ன செய்வது என்று குவைத்திலிருந்து அந்த நர்ஸ் கேட்டாள். நல்ல கேள்வி. மூடி வைத்த பக்கத்தைச் சொல் மகளே என்றேன். 40ஆம் பக்கத்தில் மூடி வைத்தேன், ஏனென்றால் அதில் வருகிற நர்ஸ் எந்த நேரமும் சிரித்துக்கொண்டே இருக்கிறாள் என்றாள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவள் சொல்கிறாள். அதுவும் பகிர்வுதான். நின்ற பக்கம், மூடின பக்கம், இரண்டுக்கும் மதிப்பு உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். நூலகங்களைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்துத் தந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. அலமாரியில் தூசி படிந்து கிடக்கிற புத்தகத்துக்கு ஆளைத் தேடிக் கொடுக்க நூலகர் ஒருவரால் முடியாது. நீங்கள் ஒருவரிடம் ஒரு பக்கத்தைச் சொன்னால் அந்தப் புத்தகத்துக்கு ஆள் வந்துவிடும். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்ததுகூட நம் மாநிலத்தில்தான், அன்றைய சென்னை மாகாணத்தில். நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது, ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆகவே உங்கள் ஊர் நூலகம் உங்கள் காசில் நடப்பது. உறுப்பினராகச் சேராதவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகம் வாசித்த பிள்ளையிடம் "கதையைச் சொல்லு", "என்ன நீதி?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பக்கம் மக்கா?" என்று கேளுங்கள். புரட்டிக் காட்டும். நீங்களும் அந்தப் பக்கத்தை வாசியுங்கள், பிள்ளை பார்க்கும்படியாக.

இந்த நாகர்கோவில் நிலையம் 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கியது. எத்தனையோ கடிதங்கள் இங்கே எழுதியிருக்கிறீர்கள். இந்த உரைக்கும் யாராவது எழுதுவதாக இருந்தால், என்னைப் பாராட்டி எழுத வேண்டாம். ஒரு புத்தகத்தின் பெயரும் ஒரு பக்க எண்ணும் எழுதி, நிலையத்துக்கு அனுப்புங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.