ஒரு குளம், 23 வீடுகள்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, வேலைக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து இன்றுவரை என் பேச்சில் ஒற்றுப்பிழை பிடிக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, சுக்குக் காபி கொடுத்து என் தொண்டையைக் காப்பாற்றிய வாசகர் வட்டச் செயலாளர் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். போர்த்திய பொன்னாடையைப் புழுக்கம் தாங்காமல் மடித்து வைத்துவிட்டேன். தவறாக எண்ண வேண்டாம்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையையும் விட்டு இறங்குவதில்லை என்று என் வீட்டம்மாவுக்கே சலிப்பு. இன்றைக்கு ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். செக் நாட்டில் ஹோலஷோவிட்சே என்று ஒரு சிற்றூர். மூன்று செய்திகள் பேசப் போகிறேன்: ஊரின் நிலம், ஊரின் கதை, அங்கே கோடையில் நடக்கும் உழவர் விழா.

முதலில் நிலம். நாட்டின் தெற்கே செஸ்கே புத்யெயோவிட்சே என்ற நகரம், பியருக்குப் பேர் போனது. ஆசிரியர் ஐயா சிரிக்கிறார், கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறேன். அங்கிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர். வயல்வெளியும் மீன் வளர்க்கிற ஏரிகளும் நிறைந்த வட்டாரம். ஊர் நடுவே 210 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலத்தில் ஒரு புல்திடல். அதில் ஒரு குளம், 1755இல் கட்டிய சின்னக் கோயில். திடலைச் சுற்றி 23 பண்ணை வீடுகள். ஒவ்வொன்றுக்கும் திடலைப் பார்த்து இரண்டு முக்கோணச் சுவர்கள்: ஒன்று குடியிருக்கும் வீடு, மற்றது தானியக் களஞ்சியம். இரண்டுக்கும் நடுவே வளைவு வைத்த வாசல். சுவரெல்லாம் மஞ்சள், இளம்பச்சை, ரோஸ். சுண்ணாம்புச் சாந்தில் சுருள் சுருளாகப் பூவேலை. வீட்டுக்குப் பின்னால் கொல்லை நீளமாக ஓடும்.

அடுத்தது கதை. செக் நாட்டின் பெரும்பகுதி அன்று போஹிமியா என்ற அரசு. 1292இல் அதன் அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இந்த ஊரை விஷி ப்ரோத் என்ற ஊரிலிருந்த சிஸ்டர்சியன் என்ற கிறித்தவத் துறவியர் மடத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1520க்கும் 1525க்கும் இடையில் பிளேக் வந்தது. ஊரில் மிஞ்சியவர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர். செத்தவர்களைப் புதைத்த குழியருகே நட்ட தூண் இன்றும் நிற்கிறது. மடம் இன்றைய ஜெர்மனியில் இருக்கும் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்களைக் குடியேற்றியது. அப்படித்தான் அது ஜெர்மன் பேசும் ஊரானது. இன்று பார்க்கிற வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மானியர்களை நாட்டைவிட்டு அனுப்பினார்கள்; ஊர் காலி. பிறகு வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியில் கவனிப்பார் இல்லை. புதிதாகக் கட்ட ஆள் இல்லாததால்தான் பழசு தப்பித்தது என்பது என் கணக்கு. 1990க்குப் பிறகு பழுது பார்த்தார்கள், மக்கள் மறுபடி குடியேறினார்கள். 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் அங்கே போன கதையைக் கேளுங்கள். மகள் ஐரோப்பாவில் இருக்கிறாள்; அவள்தான் கூட்டிப் போனாள். யுனெஸ்கோ என்றதும் எனக்கு மனசுக்குள் ஒரு கோபுரம், ஒரு டிக்கெட் கவுண்டர், நாலு கைடு. இறங்கினால் குளம், வாத்து, வீடு. வாத்து மட்டும்தான் வரவேற்றது. அரைமணி நேரம் சுற்றினேன். எதிரே வந்த பெரியவரிடம், "பார்க்க வேண்டிய இடம் எங்கே?" என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். சரி, பசிக்கிறதே என்று உணவு விடுதிக்குப் போனோம். நான் சைவம் என்றேன். பரிமாறியவர் யோசித்தார், உள்ளே போனார், அப்புறம் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி ஒரு பாளம், உள்ளங்கை அகலம், பக்கத்தில் உருளைக்கிழங்கு மலை! மூன்று நாள் பசிக்கவில்லை. சாப்பிடும்போது அவர் கேட்டார், உங்கள் ஊர் வீடு எப்படி இருக்கும் என்று. நான் திண்ணையைச் சொன்னேன், முற்றத்தைச் சொன்னேன், மழை பெய்தால் தாழ்வாரத்தில் அண்டா வைப்போம் என்றேன். "போட்டோ இருக்கிறதா?" என்றார். மகள் என்னைப் பார்த்தாள்.

அந்த வீட்டை இடித்தவனே நான்தான். என் அப்பா கட்டியது. தேக்குத் தூண்களை எடைக்குப் போட்டேன். வீட்டைக் கட்டிப் பார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், இடித்துத்தான் பார்த்தேன்.

அதனால்தான் இதைப் பேசுகிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஓட்டுக் கட்டிடத்தை இடித்துக் கடைத்தொகுதி கட்டப் போவதாகச் செய்தி. அங்கே ஒரு கூரையில் கை வைக்க வேண்டுமென்றால் பாரம்பரியத் துறையின் ஒப்புதல் வேண்டும். இங்கே ஒரு பொக்லைன் போதும். உறுப்பினர் ஐயா குறித்துக்கொள்கிறார், நன்றி. ஓடு ஒழுகுகிறது, உண்மை. ஒழுகினால் ஓடுகளை மாற்றுவோம். கட்டிப் பார், பண்ணிப் பார் என்றவர்கள் காத்துப் பார் என்று மூன்றாவதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள், நான் சேர்த்துக்கொள்கிறேன்.

உழவர் விழாவைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணி அடித்துவிட்டார். கோரிக்கை மனு வாசல் பக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். பேனா செயலாளர் அம்மாவுடையது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.